பால்மரமும் பலகைத்தட்டும்

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் 1891-இல் இருப்புப்பாதை அமைந்தது. பின்னர்ச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விளைந்த இரப்பர், முதலில் மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டே கப்பலேறியது. பெட்டிக்குப் பலகை வேண்டும். தோட்டத்திலோ மரத்துக்குக் குறைவில்லை. ஆயினும் பால்மரம் அதற்குப் பெரிதும் உதவவில்லை. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரித்து வண்டரிக்கும் இயல்பினது அது. நம் மக்கள் தலைமுறைக்காலம் பால்வெட்டிய மரம், மறுநடவின்போது புகைக்கூட அடுப்புக்கு விறகாயிற்று. எஞ்சியதைக் காட்டிலேயே கொளுத்தினர்.

1965-இல் தரப்படுத்தப்பட்ட கட்டி இரப்பர் வந்தது. அதனை மரத்தட்டில், அதாவது ‘பேலட்’டில், ஏற்றலாயினர். சட்டங்களின்மேல் பலகைகளை இடைவெளிவிட்டு ஆணியறைந்தால் தட்டு முடிந்தது. வெண்காரக் கரைசலை அழுத்தத்தால் மரத்துள் செலுத்தும் முறை பரவியபின், பால்மரமும் தட்டாயிற்று. தன் பாலைத் தானே சுமக்கும் பேறு! 2002-இல் வகுத்த அனைத்துலக விதிப்படி, கட்டையின் நடுப்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும். கோதுமைக்கதிர் பொறித்த முத்திரை அதற்குச் சான்று.