இரணவைத்தியமும் மலைநாடும்

கொழும்பில் வைத்தியப் பள்ளி தோன்றியது 1870ஆம் ஆண்டில். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கெனச் சட்டம் பிறந்தது 1872இல். வைத்தியனை ஆக்கும் இடமும், அவன் வேண்டப்பட்ட இடமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவாயின. ஆயினும் இரண்டுக்கும் இடையே நின்றது மலை மட்டுமன்று, மொழியும் நின்றது. பள்ளியின் மொழி ஆங்கிலம். தோட்டத்து நோயாளியின் மொழி தமிழ்.

இவ்விடைவெளியை முன்னரே உணர்ந்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த அவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மாணாக்கரைப் பயிற்றினார். ஆங்கிலத்தில் கற்றோர் உத்தியோகம் தேடிப் பெயர்ந்தனர். கிராமத்துக்கு வைத்தியர் எஞ்சவில்லை. ஆகவே தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். சத்திரசிகிச்சை நூலொன்று 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் பெயரில் தமிழில் வெளிவந்தது. மாணாக்கர் சிலர் இம்மாற்றத்தை விரும்பவில்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்த காலத்தில், அவர்கள் எண்ணத்திலும் நியாயம் இருந்தது.

பிற்காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணராக விரும்பியோர் இங்கிலாந்து சென்று தேர்ச்சி பெற்றனர். 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அமைந்தபின், பயிற்சியின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே நடைபெறுகின்றது. 2017இல் அட்டனை அடுத்த டிக்கோயாவில், இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையும் திறக்கப்பட்டது.

ஆயினும் மானிப்பாயில் எழுந்த வினா இன்னும் ஓயவில்லை. பயிற்சியின் சிறப்பை அளப்பது பயின்றவன் அடையும் பதவியா? அல்லது, வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று கொழுந்து பறிக்கும் தாயொருத்தி சொல்லும்போது, கத்தியை எடுக்குமுன் அச்சொல்லை விளங்கிக்கொள்ளும் ஆற்றலா?