சட்டையில் ஏறிய சிகரெட்: விளம்பரம் டிவிக்குள் நுழைந்த கதை

ஒரு சின்னக் கேள்வி. 1996-ல நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு என்ன பேரு? வீட்ல அப்பாகிட்டயோ சித்தப்பாகிட்டயோ கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் யோசிக்காம "வில்ஸ் வேர்ல்ட் கப்"னு சொல்வாங்க. வில்ஸ்ங்கிறது ஒரு சிகரெட்டோட பேரு. முப்பது வருஷம் ஆகியும் அது ஒரு விளையாட்டோட நினைவுல ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை ஒட்ட வைக்கிறதையே தொழிலா செஞ்சவங்களைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

கதை அமெரிக்காவுல தொடங்குது. அங்க ரேடியோ அரசாங்கத்துக்குச் சொந்தமா இருக்கல. நிகழ்ச்சிக்கு யார் பணம் கொடுக்கிறாங்களோ, அவங்க சொல்றதுதான் சட்டம். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியோட ஆதரவுல, 1935-ல 'யுவர் ஹிட் பரேட்' வந்துச்சு. அந்த வாரம் எந்தப் பாட்டு பிரபலம்னு வரிசைப்படுத்துற நிகழ்ச்சி. நாம பார்த்து வளர்ந்த டாப் டென் நிகழ்ச்சிகளுக்கு அது பாட்டி மாதிரி.

டிவி வந்ததும் இதே முறை தொடர்ந்தது. 1949-ல என்பிசி தொலைக்காட்சியின் செய்தி நிகழ்ச்சிக்குப் பேரே 'கேமல் நியூஸ் கேரவன்'. கேமல்ங்கிறதும் சிகரெட்தான். 'புகைபிடிக்காதீர்' பலகை செய்திப் படத்துல தெரியக் கூடாது. சுருட்டு பிடிக்கிற யாரையும் காட்டக் கூடாது. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு மட்டும் விதிவிலக்கு! ஊருக்கு எது செய்தின்னு முடிவு பண்ற இடத்துல ஒரு சிகரெட் கம்பெனி உட்கார்ந்திருந்தது.

இந்த உலகத்துல வளர்ந்தவர் எமர்சன் ஃபூட். லார்ட் அண்ட் தாமஸ் விளம்பர நிறுவனத்துல லக்கி ஸ்ட்ரைக் கணக்கைப் பார்த்துக்கிட்டவர். பிறகு ஃபூட், கோன் அண்ட் பெல்டிங் நிறுவனத்தின் பங்குதாரர். தங்களோட மிகப் பெரிய வாடிக்கையாளரான அந்தச் சிகரெட் கம்பெனியை 1948-ல அந்த நிறுவனமே கைவிட்டுச்சு. அப்புறம் அவர் மக்கேன் எரிக்சன் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். 1964 ஜனவரியில், புகைபிடித்தலால் நுரையீரல் புற்றுநோய் வருதுன்னு அமெரிக்க அரசின் சர்ஜன் ஜெனரல் அறிக்கை சொன்னது. அதே வருஷம் ஃபூட் பதவியை விட்டு விலகினார். சிகரெட் விளம்பரத்துல இனிமே பங்கு வேண்டாம்னு முடிவு பண்ணி, புகைக்கு எதிரான அமைப்புகளோட சேர்ந்து வேலை செஞ்சார். 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்க ரேடியோ, டிவியில சிகரெட் விளம்பரமே கிடையாதுன்னு சட்டம் வந்தது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். விவித் பாரதியில விளம்பரம் தொடங்கினது 1967-ல. தூர்தர்ஷன்ல 1976-ல. ரெண்டோட விளம்பர விதிகளும் சிகரெட்டை வெளியே நிறுத்தின. பத்திரிகை, சினிமா தியேட்டர், தெருவோரப் பலகை எல்லாம் திறந்திருந்தது. ஐடிசி கம்பெனியின் வில்ஸ், 'மேட் ஃபார் ஈச் அதர்'னு பத்திரிகைப் பக்கங்கள்ல அழகான ஜோடிகளைக் காட்டிக்கிட்டு இருந்தது. ஆனா டிவிக்குள்ள எப்படிப் போறது?

கதவு வழியா முடியாதப்போ, கிரிக்கெட் வழியா போனாங்க. மைதான ஓரத்துப் பலகை, கோப்பையோட பேரு, ஆட்டக்காரர் சட்டை. விளம்பர நேரத்தை ஒரு வினாடி கூட வாங்க வேண்டாம். பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடினா கேமராவும் கூடவே ஓடித்தான் ஆகணும். 1992 உலகக் கோப்பை பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் பேர்ல, 1996 வில்ஸ் பேர்ல. ரெண்டும் சிகரெட்.

1996 மார்ச் 9, பெங்களூரு கால் இறுதியை எடுத்துக்குங்க. அஜய் ஜடேஜா வக்கார் யூனிஸை அடிச்ச அடி, ஆமிர் சோஹைலை வெங்கடேஷ் பிரசாத் போல்டாக்கினது. அந்த மைதானத்துல இருந்து தர்மபுரி மாவட்டத்துக்கு சில மணி நேரப் பயணம்தான். எங்க ஏரியூர் மாதிரி ஊர்ல ஒரு பையன் அந்த ஆட்டத்தைப் பார்த்தான்னா, அவன் கைதட்டின ஒவ்வொரு ஆளோட நெஞ்சுலயும் வில்ஸ் இருந்தது. அதே பேரு பெட்டிக்கடையில சில்லறையா ஒண்ணு ஒண்ணா கிடைச்சது.

இது வெறும் ஊகம் இல்ல. கோவா பள்ளி மாணவர்கள்கிட்ட நடத்தின ஓர் ஆய்வு 1996-லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வெளியானது. எந்த ஆட்டக்காரரும் சிகரெட்டோட நிக்கல, பிடிங்கன்னு சொல்லவும் இல்ல. ஆனாலும் புகைபிடிக்கிறதுக்கும் நல்லா ஆடுறதுக்கும் தொடர்பு இருக்குன்னு சில பிள்ளைங்க நம்பினாங்க. அப்படி நம்பினவங்க சிகரெட்டைத் தொட்டுப் பார்க்கிறதும் கூடுதலா இருந்தது.

2000-ல கேபிள் டிவி விதிகள் புகையிலை விளம்பரத்தைத் தடை செஞ்சது. 2001-ல, சட்டம் வரப் போகுதுன்னு தெரிஞ்சதும் ஐடிசி தானே ஸ்பான்சர்ஷிப்பை விட்டு விலகிச்சு. இந்திய அணியின் சட்டையில சஹாரா வந்தது. விளம்பரத்துக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கும் தடை போட்ட புகையிலைச் சட்டம் 2003-ல நிறைவேறிச்சு.

அப்போ கதை முடிஞ்சுதா? தமிழ்நாட்டுல 2013-லயே குட்காவுக்குத் தடை போட்டாச்சு. ஆனா இன்னைக்குக் கிரிக்கெட் பார்க்கும்போது இடைவேளையில ஏலக்காய் விளம்பரம் வருதே, பெரிய பெரிய நடிகர்கள் நடிச்சு? ஒரு பாக்கெட் ஏலக்காய்க்கு அவ்வளவு செலவு எதுக்குன்னு யோசிங்க. அதே பேர்ல, அதே நிறத்துல கடையில வேற என்ன தொங்குதுன்னு பாருங்க. சட்டம் பொருளைத் தடுக்குது. பேரு வேற பொருள்மேல ஏறி உள்ளே வந்துடுது. 1996-ல பையன்களுக்கு இதை யாரும் சொல்லித் தரல. உங்க வீட்ல கிரிக்கெட் பார்க்கிற பத்து வயசுப் பிள்ளைக்கு நீங்க சொல்லலாம்.