கோழி ஏன் கொழுக்கிறது?

பிராய்லர் கோழியைச் சுத்தம் செய்பவர், குடலை எடுக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு மஞ்சள் கொழுப்புக் கட்டியையும் சேர்த்து வழித்தெடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கோழியின் எடையில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு இப்படிக் கழிவாகிறது. அற்பம் என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 9 கிலோகலோரி சக்தி அடங்கியிருக்கிறது. அதே எடையுள்ள சதையில் முக்கால் பங்கு நீர்தான். சக்தியோ கொழுப்பில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே, எறியப்படும் அந்தக் கட்டி விலை கொடுத்து வாங்கிய தீனிதான்.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1948-ஆம் ஆண்டு டெலவேர் மாநிலத்தில் "நாளைய கோழி" என்ற போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் வான்ட்ரெஸ், கார்னிஷ் இனத்தையும் நியூ ஹாம்ப்ஷயர் இனத்தையும் கலந்து உண்டாக்கிய கோழிக்கு முதற்பரிசு கிடைத்தது. அதன்பின் எல்லோரும் எடையைத் துரத்தினார்கள். எவ்வளவு தூரம் என்பதற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட கணக்கு ஒன்றே போதும். 1957-ஆம் ஆண்டின் கோழி இனத்தை மாறாமல் காத்துவைத்து, 2005-ஆம் ஆண்டின் இனத்தோடு சேர்த்து ஒரே தீனியில் வளர்த்தனர். 56 நாளில் பழைய கோழி 905 கிராம். புதியது 4,202 கிராம்!

அதே 1957-இல் வர்ஜீனியாவில் பேராசிரியர் பால் சீகல் ஒரு சோதனையைத் தொடங்கினார். வெள்ளை பிளிமத் ராக் கோழிகளின் ஒரே கூட்டத்திலிருந்து, எட்டு வாரத்தில் எடை மிகுந்தவற்றை ஒரு பக்கமும் குறைந்தவற்றை மறுபக்கமும் பிரித்து, தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே பெருக்கினார். பார்த்தது எடை ஒன்றைத்தான். நாற்பது தலைமுறைகளுக்குப் பின் இரண்டுக்கும் எட்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. பெரிய வழிக் கோழிக்குத் தீனியை அளந்து போடாவிட்டால் ஊதிப் பருத்துவிடும். சிறிய வழியிலோ, தீனி கண்முன் இருந்தும் தின்னாமல் மடியும் குஞ்சுகள் உண்டு. மூளையில் "போதும்" என்ற உணர்வைத் தரும் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள். இதன் முடிவு 1983-இல் வெளியாயிற்று. சிறிய கோழி அதிகம் தின்னத் தொடங்கியது. பெரிய கோழியிடம் மாற்றமே இல்லை. அதற்குப் "போதும்" என்று சொல்லும் ஏற்பாடு முன்பே பழுதாகிவிட்டது போலும்!

அப்படியானால் கொழுப்புக்குக் காரணம் பெருந்தீனிதானா? அவசரப்பட வேண்டாம். பிரான்சில், தூர் நகருக்கு அருகிலுள்ள நுசிய்யி ஆய்வு நிலையத்தில் லெக்லெர்க்கும் அவருடைய தோழர்களும் வேறுவிதமாகக் கேட்டுப் பார்த்தனர். உடல் எடை ஒன்றாக இருக்கவேண்டும், அடிவயிற்றுக் கொழுப்பு மட்டும் கூடவோ குறையவோ வேண்டும்: இதுதான் அவர்களுடைய தேர்வு விதி. ஒரு சங்கடம் இருந்தது. கொழுப்பை நிறுக்கக் கோழியை அறுக்கவேண்டும். அறுத்த கோழியிடமிருந்து குஞ்சு கிடைக்குமா? உறவுக் கோழிகளை அறுத்துப் பார்த்தே தேர்வு செய்யவேண்டியிருந்தது. சில தலைமுறைகளில் கொழுத்த வழி, மெலிந்த வழி என இரண்டு தெளிவாகப் பிரிந்தன. வியப்பு என்னவென்றால், இரண்டும் தின்ற தீனி ஏறக்குறைய ஒரே அளவு!

விடை கல்லீரலில் இருந்தது. பறவைகளின் உடலில் புதிய கொழுப்பில் பெரும்பகுதி கல்லீரலில்தான் உண்டாகிறது. இரத்தத்தின் வழியே போய் வயிற்றில் சேர்கிறது. கொழுத்த வழியின் கல்லீரல் கொழுப்பை மிகுதியாக அனுப்புகிறது. அதன் இரத்தத்தில் சர்க்கரையும் குறைவு. எடின்பரோ அருகே ரோஸ்லினில் ஒயிட்ஹெட், கிரிஃபின் இருவரும் இதைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினர். கொழுப்புத் துகள்கள் மிகுந்த இரத்தத் தெளிவு கலங்கலாக இருக்கும் அன்றோ? அந்தக் கலங்கலை அளந்தே, கோழியைக் கொல்லாமல், மெலிந்த வழியையும் கொழுத்த வழியையும் பிரித்து 1984-இல் அறிவித்தனர்.

கோழியின் மரபணுத் தொகுதியின் வரைவு 2004-இல் வெளியிடப்பட்டது. கொழுப்புக்கு ஒரு ஜீன் அகப்படும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே. சீகலின் இரு வழிகளையும் சுவீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர்கள் கலந்து ஆராய்ந்தபோது, 13 இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அவற்றில் நான்கு ஒன்றுக்கொன்று கைகோத்து வேலை செய்வதாகவும், சேர்ந்திருக்கும்போதே முழு வலிமை காட்டுவதாகவும் 2006-இல் தெரியவந்தது.

கொழுப்பைக் குறைக்கும் வழி பண்ணைக்காரருக்குப் பிடிபட்டுவிட்டது. பசி அப்படியன்று; அதைக் குறைத்தால் வளர்ச்சியும் குறைகிறது. பிராய்லர் குஞ்சு ஆறேழு வாரத்துக்குள் அறுக்கப்பட்டுவிடுகிறது. அதன் தாய் தந்தையின் நிலைதான் பரிதாபம். வயிறாரத் தின்னவிட்டால் அவை கொழுத்து, முட்டை குறைந்து, கால் நோவில் விழும். ஆகவே வளரும் பருவத்தில், தின்னக்கூடியதில் கால் பங்கு முதல் அரைப் பங்குவரைதான் போடுகிறார்கள். சில நாடுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள். போட்ட தீனி சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் அவை வெறும் தீனித் தட்டைக் கொத்திக்கொண்டே நிற்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.