கணக்குக் கேட்ட ஆயர்



கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வாழும் ஈழத்து உறவுகளை அறிந்த மரக்காணத்து மக்களாகிய நமக்கு, அந்தப் போர் அயல்நாட்டுச் செய்தி அல்ல.

1994-இல் ருவாண்டாவில் கைகட்டி நின்ற உறுத்தலோடு, 2005-இல் உலகத் தலைவர்கள் ஐ.நா.வில் ஒரு வாக்குக் கொடுத்தார்கள்: ஓர் அரசு தன் மக்களை இன அழிப்பிலிருந்தும் போர்க்குற்றங்களிலிருந்தும் காக்கத் தவறினால் உலகம் முன்வரும் என்று. மூன்றே ஆண்டுகளில் வன்னியில் அந்த வாக்குக்குச் சோதனை வந்தது.

2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் மன்றாடினார்கள். சாட்சிகள் போய்விட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 2009-இல் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் எறிகணைகள் விழுந்தன. புலிகளும் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள்; இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏப்ரல் இறுதியில் பிரிட்டன், பிரான்சு வெளியுறவு அமைச்சர்கள் கொழும்புக்கு வந்து போர்நிறுத்தம் கேட்டார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்ற சொல்லை உலகுக்குத் தந்ததே மேற்கு நாடுகள்தான். அதையே கொழும்பு கேடயமாகப் பிடித்தபோது அவர்களால் என்ன பேச முடியும்?

மேற்கை மட்டும் குறைசொல்வது நமக்கு வசதிதான். மே 27-இல் ஜெனீவாவில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை 29 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 12 நாடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய நாடுகள். நம் இந்தியா ஆதரித்து வாக்களித்தது!

மக்களைக் காக்கத் தவறினோம் என்று ஐ.நா.வின் உள் ஆய்வறிக்கை ஒப்புக்கொண்டது 2012-இல்தான். அதற்கு முன்பே, 2011 சனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அரசு நியமித்த ஆணைக்குழுவின் முன் போய் நின்றார். ஆவேசமாகப் பேசவில்லை, ஒரு கழித்தல் கணக்கைத்தான் வைத்தார். 2008 அக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து வெளியே வந்தவர்கள் என்று ஐ.நா. சொன்னது 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். உப்பளத்தில் ஒரு மூட்டை குறைந்தாலே நாம் விடுவதில்லை. இது மனித உயிர்.

2021-இல், பெரிய வியாழனாகிய ஏப்ரல் 1 அன்று, ஆயர் இறைவனடி சேர்ந்தார். அதுவரை கொழும்பும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஜெனீவாவும் வாங்கித் தரவில்லை.