நம்பெருமாள் என்றொரு சொல்

ஜப்பானியர்களைப் புரிந்துகொள்ள அவர்கள் மொழியில் ஒரு சொல்லைச் சாவியாக எடுத்துக்கொண்டார் டாகியோ டோய். மனநல மருத்துவர். 1971-ல் அவர் எழுதிய புத்தகம் ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. அந்தச் சொல், ‘அமாயெ’. அம்மாவிடம் குழந்தை எடுத்துக்கொள்ளும் சலுகை இருக்கிறதே, கிட்டத்தட்ட அது. அமெரிக்காவில் ஒரு வீட்டுக்கு முதல்முறை போனபோது, ‘ஐஸ்க்ரீம் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டார்களாம். நல்ல பசி. ஆனாலும் மரியாதைக்கு ‘வேண்டாம்’ என்றார். இன்னொரு தடவை வற்புறுத்துவார்கள் என்று பார்த்தால்... ‘சரி’ என்று விட்டுவிட்டார்கள்! (நம்ம ஊரில் நடக்குமா?)

இதே சாவி வைத்தியத்தை ஸ்ரீரங்கத்தில் செய்து பார்க்கலாம், வாருங்கள். திருச்சியில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால், தமிழே கொஞ்சம் உடை மாற்றிக்கொள்ளும். அங்கே பழைய வைணவ வீடுகளில் சமையல் ‘தளிகை’. ரசம் ‘சாத்தமுது’. பாயசம் ‘திருக்கண்ணமுது’. சாமி கும்பிடுவதில்லை, ‘சேவிக்கிறார்கள்’. பெருமாள் வீதிக்கு வருவதில்லை, ‘எழுந்தருளுகிறார்’. ‘கோயில்’ என்றால் எந்தக் கோயில் என்று கேட்கவே கூடாது!

இதெல்லாம் கிடக்கட்டும். நமக்கு வேண்டிய சொல், ‘நம்பெருமாள்’.

கருவறையில் பள்ளிகொண்டிருப்பவர் பெரிய பெருமாள். வீதிக்கு எழுந்தருளும் உற்சவர் நம்பெருமாள். ஆனால், உற்சவருக்குப் பழைய பெயர் அழகிய மணவாளர். பெயர் எப்படி மாறியது?

1323-ல் உலூக் கானின் டெல்லிப் படை தெற்கே வந்தது. (பிற்பாடு முகமது பின் துக்ளக் ஆனவர் இவர்தான்.) உற்சவரை ரகசியமாக வெளியே கொண்டுபோனார்கள். கூடவே போனவர், தள்ளாத வயதில் பிள்ளை லோகாச்சாரியார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. அதற்குப் பிறகு கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை என்று உற்சவர் ஊர் ஊராகப் போனதைக் ‘கோயிலொழுகு’ சொல்கிறது. 1371-ல் விஜயநகரத் தளபதி கோபண்ணா, செஞ்சியிலிருந்து அவரை ஸ்ரீரங்கத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார். நாற்பத்தெட்டு வருஷம்!

இங்கேதான் சிக்கல். இடைப்பட்ட காலத்தில் ஸ்ரீரங்கத்தில் வேறொரு உற்சவரை வைத்து வழிபட ஆரம்பித்திருந்தார்கள். எது அசல்? பழையவரைப் பார்த்த தலைமுறையே அநேகமாகப் போய்விட்டது. மிஞ்சியவர், கோயில் துணி வெளுக்கும் ஒரு முதியவர். அவருக்கோ கண் தெரியாது.

ஆனால், நாக்குக்கு ஞாபகம் இருந்தது. பெருமாள் திருமஞ்சனத்தில் உடுத்திய ஈரத்துணியைப் பிழிந்த தண்ணீரைத் தீர்த்தமாகக் குடித்து வந்தவர் அவர். ‘ஈரவாடைத் தீர்த்தம்’ என்று அதற்குப் பெயர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். பழையவருடையதைக் குடித்ததும், ‘இவரே நம்பெருமாள்!’ என்றாராம்.

இது வழிவழியாக வரும் கதை. ஆனால் அந்த ‘நம்’மைக் கவனியுங்கள். ‘எங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நம்’ என்றால் அவரும் உள்ளே. இங்கிலீஷில் இந்த வித்தியாசமே கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல்தான். துணி வெளுக்கிறவர், எதிரே நின்ற பட்டர்களையும் தளபதியையும் தன்னோடு சேர்த்து ‘நம்’ என்கிறார். பதினான்காம் நூற்றாண்டில்! அவர்களும் அதையே உற்சவரின் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

கோபண்ணாவின் சாதனையைச் சொல்லும் கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது. சக வருஷம் 1293, சமஸ்கிருதச் சுலோகங்கள். அஞ்சனாத்ரியும் செஞ்சியும் வருகின்றன, தளபதியின் புகழும் வருகிறது. சலவைக்காரர் அதில் வரவில்லை. அவர் பெயர் என்னவென்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

சரி, அந்த இன்னொரு உற்சவர்? அவரையும் விட்டுவிடவில்லை. ‘திருவரங்க மாளிகையார்’ என்று பெயர். இன்றைக்கும் கோயிலுக்குள்தான் இருக்கிறார்.