பிறந்தமைக்குச் சான்று: அமெரிக்க நாட்டிற் பிறப்புப் பதிவின் வரலாறு

ஒருவர் தாம் பிறந்த நாளையும் இடத்தையும் தாமே கண்டு அறிந்தவரல்லர். பிறர் சொல்லவே அறிகின்றார். ஆகவே தம் பிறப்புக்குத் தாமே சாட்சி சொல்லல் எவர்க்கும் இயலாது. தாய் அறிவாள், மருத்துவிச்சி அறிவாள், அயலவர் சிலர் அறிவர். அவர்கள் மறைந்த பின்னர் எழுத்தொன்றே எஞ்சுகின்றது. அவ்வெழுத்தை எழுதியோர் யாவர், எதன்பொருட்டு எழுதினர், எழுதாது விடப்பட்டோர் யாது செய்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு மிகவும் பொருத்தமானது.

அந்நாட்டில் மாநிலங்கள் பெரும்பாலும் ‘கவுண்டி’ என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. கவுண்டி அலுவலகத்தை இலங்கையரின் கச்சேரியோடு ஒருவாறு ஒப்பிடலாம். காணி உறுதிகள், திருமண அனுமதிகள் ஆகியவற்றோடு பிறப்பு ஏடுகளும் பல கவுண்டிகளில் அங்கேதான் இருக்கின்றன. பிறந்தபோது இடப்பட்ட முழுப்பெயர், பிறந்த நாள், ஊர், தந்தையின் பெயர், தாயின் மணத்துக்கு முந்திய பெயர் ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுதி, தம் அடையாளத்தையும் காட்டிக் கட்டணஞ் செலுத்துவோர்க்கு, மூலப் பதிவின் பிரதியைப் பதிவாளரின் கையொப்பமும் அலுவலக முத்திரையும் இட்டு வழங்குவர். அதுவே உறுதிப்படுத்திய பிரதி எனப்படும். மருத்துவமனையார் குழந்தையின் பாதச்சுவட்டைப் பதித்து அன்பளிப்பாகக் கொடுக்கும் அழகிய தாள், சட்டத்தின்முன் அதற்கு ஈடாகாது. கடவுச்சீட்டுப் பெறுவோரும், அமெரிக்காவிற் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்திற் பதியச் செல்லும் பெற்றோரும், அரசாங்கப் பதிவாளர் வழங்கிய சான்றையே கொண்டுசெல்லல் வேண்டும். மாநில அரசுகள் மையப் பதிவகங்களை நிறுவுமுன் நிகழ்ந்த பிறப்புக்கள் பலவற்றுக்குக் கவுண்டி ஏட்டையன்றி வேறு ஏடு இல்லை.

இந்த ஏட்டின் மூலம் இங்கிலாந்தில் உள்ளது. எட்டாம் ஹென்றியின் அமைச்சராகிய தோமஸ் குரொம்வெல் 1538ஆம் ஆண்டில், ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் எழுதிவைத்தல் வேண்டுமெனப் பணித்தார். கடல் கடந்து குடியேறிய ஆங்கிலேயர் இவ்வழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். 1632இல் வேர்ஜீனியாக் குடியேற்றத்தின் சட்டம் பழைய முறையைத் தழுவியே குருமாரிடமும் கோயில் அதிகாரிகளிடமும் கணக்குக் கேட்டது. மசாசூசெற்ஸ் குடியேற்றமோ 1639இல் வேறொரு வழியை வகுத்தது. ஞானஸ்நானத்தையன்றிப் பிறப்பையும், அடக்கத்தையன்றி இறப்பையும், குருவானவரன்றி அரசாங்க அலுவலரே பதிதல் வேண்டுமென அங்கே விதிக்கப்பட்டது.

இம்மாற்றம் சிறிதன்று. ஞானஸ்நானம் பெறாத குழந்தையும் பிறந்த குழந்தையே என்பதைச் சட்டம் அன்று ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதன் நோக்கம் குழந்தையின் நலமெனக் கருதுதல் கூடாது. இறந்தவரின் சொத்துக்கு உரியவர் யார், பராய வயதை எய்தியவர் யார் என்னும் வழக்குகளைத் தீர்ப்பதற்கே இத்தகைய பதிவு பெரிதும் வேண்டப்பட்டது. சொத்தில்லாதவர் தம் பிள்ளையின் பிறப்பைப் பதிவதில் அக்கறை காட்டாமைக்கு வேறு காரணந் தேடவேண்டியதில்லை.

1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசனத்தை எண்ணும்படி கட்டளையிட்டது. பிறப்பைப் பதிவதுபற்றி அது ஒன்றுஞ் சொல்லவில்லை. அப்பணி மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஒரு மாநிலம் விழித்திருக்க மற்றொன்று உறங்கிற்று. பள்ளியாசிரியராகவும் புத்தக வணிகராகவும் இருந்த லெமுவெல் ஷற்றக் என்பவரின் முயற்சியால், 1842இல் மசாசூசெற்ஸ் மாநிலம் முழுவதற்குமான செம்மையான பதிவுச் சட்டமொன்றைப் பெற்றது.

வேர்ஜீனியா 1853இல் இயற்றிய சட்டம் தனியே நோக்கத்தக்கது. அதன்படி, ஆண்டுதோறும் வரி மதிப்பிட வரும் அலுவலரே அவ்வாண்டின் பிறப்புக்களையும் இறப்புக்களையும் கேட்டெழுதிக் கவுண்டி எழுத்தரிடங் கொடுத்தார். அடிமைகளின் குழந்தைகளும் அவ்வேட்டில் இடம்பெற்றன. எவ்வாறு இடம்பெற்றன என்பதே வேதனைக்குரியது. குழந்தை சுதந்திரமுடையதாயின் தந்தையின் பெயரும், அடிமையாயின் உடைமையாளரின் பெயரும் ஒரே நிரலில் எழுதப்பட்டன. தந்தைக்குரிய இடத்தில் எசமானன் நின்றான். மாடு கன்று ஈன்றதை வரிக்கணக்கில் எழுதுவது போலவே இதுவும் எழுதப்பட்டதென்று சொன்னால் அது மிகையாகாது. இன்று தம் முன்னோரைத் தேடும் கறுப்பின மக்களுக்கு அதே ஏடு அரும்பெருஞ் சான்றாக உதவுகின்றது. எழுதியவன் கருதாத பயன் அது.

எழுத்தில்லாமை ஒரு மனிதரை எவ்வளவு வருத்தும் என்பதற்குப் பிரெடெரிக் டக்ளஸ் சான்றாவார். மேரிலாந்தின் டால்பட் கவுண்டியில் அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மாபெரும் பேச்சாளராக விளங்கியவர் அவர். 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே, தம் வயதைத் திட்டமாக அறியாமையை அவர் குறையாகக் கூறுகின்றார். வெள்ளைச் சிறுவர் தத்தம் வயதைச் சொல்ல, தம்மால் அது முடியவில்லையே என்பது அவர் இளமையில் அடைந்த துயரங்களுள் ஒன்று. 1817இற் பிறந்திருக்கலாமென அவர் கணித்தார். முதுமையிலும் அதனை உசாவித் திரிந்தார். 1895இல் அவர் இறந்தார். அவருடைய முதல் எசமானனாகிய ஏரன் அந்தனி வைத்திருந்த அடிமைக் கணக்கேட்டில், ஹரியற் என்பவளின் மகன் 1818 பெப்ரவரியிற் பிறந்தான் என்னும் குறிப்பு இருந்தது. டிக்சன் பிரெஸ்டன் என்னும் ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட நூலில் அதனை உலகறியச் செய்தார். டக்ளஸ் வாழ்நாள் முழுவதும் தேடியது ஓர் உடைமைக் கணக்கில் ஒற்றை வரியாய்க் கிடந்தது.

எழுதப்பட்ட ஏடும் நிலையானதன்று. 1906 ஏப்பிரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் உண்டாயிற்று. தொடர்ந்து மூண்ட தீயில் நகரத்தின் பெரும்பகுதி வெந்தது. அந்நகரம் தானே ஒரு கவுண்டியுமாகும். நகர மண்டபத்தில் இருந்த பிறப்பு ஏடுகள் சாம்பலாயின. அதனால் விளைந்ததை உணர்வதற்குச் சற்றுப் பின்நோக்கிச் செல்லல் வேண்டும். 1882இல் இயற்றப்பட்ட விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்தது. 1873இல் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்த வொங் கிம் ஆர்க் என்னும் சமையற்காரர், சீனாவுக்குச் சென்று 1895இல் மீண்டபோது, அவர் குடிமகனல்லரெனக் கூறிக் கரையிறங்க விடாது தடுத்தனர். தாம் அந்நகரிற் பிறந்தவரென வெள்ளையர் சிலர் கையொப்பமிட்ட பத்திரத்தை அவர் புறப்படுமுன்னரே பெற்றுவைத்திருந்தார். சீனர் ஒருவரின் பிறப்புக்கு வெள்ளையரின் வாக்கே வலிமையுடையதாயிருந்த காலம் அது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. அமெரிக்க மண்ணிற் பிறந்த அவர், பெற்றோர் சீனராயினும், குடிமகனே என 1898 மார்ச் 28ஆம் நாள் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பின்பின் பிறந்த இடமே திறவுகோலாயிற்று. ஏடு எரிந்தபின், தாம் அந்நகரிற் பிறந்தவரென ஒருவர் சொன்னால் அதனை மறுக்க அரசாங்கத்திடம் எழுத்தில்லை. அவ்வாறு குடியுரிமை பெற்றவர்கள் சீனாவில் தமக்குப் புதல்வர் உளரென அறிவித்தனர். அவ்விடங்களில் உறவல்லாத இளைஞரும் விலை கொடுத்து வந்து சேர்ந்தனர். இவர்களைக் ‘காகிதப் புதல்வர்’ என்று வரலாறு குறிக்கின்றது. 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் இயங்கிய குடிவரவு நிலையத்தில் வந்தவர்களை நாட்கணக்காக வினவினர். கிராமத்தில் எத்தனை வீடுகள், கிணறு எத்திசையில் உள்ளது என்றெல்லாங் கேட்டு, தந்தையெனப்பட்டவரின் விடையோடு ஒப்பிட்டனர். உண்மையான புதல்வரும் ஒரு விடை தவறினால் திருப்பியனுப்பப்படும் நிலை இருந்தது. இதனை வெறும் மோசடியென ஒதுக்குவது எளிது. நேர்வழியை ஓர் இனத்தாருக்கு மட்டும் அடைத்த சட்டத்தை மறந்துவிட்டு அவ்வாறு தீர்ப்புச் சொல்வது நீதியாகாது. விலக்குச் சட்டம் 1943இல் நீக்கப்பட்டது. காகிதப் பெயரோடு வாழ்ந்தவர்கள் உண்மையை வெளிப்படுத்தித் தம் நிலையைச் சீர்செய்ய 1956இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பேரர் காலத்திலும் மாறாது நின்ற பெயர்கள் பல.

குழந்தையின் பொருட்டே பிறப்பைப் பதிதல் வேண்டுமென்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அதற்கு உழைத்தவர்களுள் தலையாயவர் ஜூலியா லாத்ரொப் அம்மையார். 1912இல் நிறுவப்பட்ட சிறுவர் பணியகத்தின் முதல் தலைவர் அவர். குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறப்பதன் காரணத்தை அறியவேண்டுமாயின், எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அந்நாட்டுக்கோ அது தெரியாதிருந்தது. பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்ரவுன் நகரில் 1913இல் அவருடைய பணியாளர் வீடுவீடாகச் சென்று 1911இற் பிறந்த குழந்தைகளின் வரலாற்றைத் திரட்டினர். பின்னர் பல ஊர்களில் மாதர் சங்கத்தார் தம் அயலிலுள்ள குழந்தைகளின் பட்டியலை எழுதி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை அதிகாரிகளுக்குக் காட்டினர். அலுவலகத்தார் செய்யாததைக் கையிற் பென்சிலுடன் சென்ற இல்லத்தரசிகள் செய்தனர்.

இன்னொரு திசையிலிருந்தும் தேவை எழுந்தது. ஆலைகளிற் சிறுவரை வேலைக்கமர்த்துவதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தபோது, பிள்ளை பதினான்கு வயது நிரம்பியவனா என்பதை நிறுவ வேண்டியதாயிற்று. பெற்றோரின் சத்தியவாக்கை நம்பினால் பத்து வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதினனாகி ஆலைக்குள் நுழைந்துவிடுவான். எனவே ஏட்டைக் காட்டும்படி கேட்டனர். ஏடில்லாதபோது வீட்டு வேதாகமத்தின் வெற்றுத்தாளில் தந்தை எழுதிவைத்த பிறப்புக் குறிப்பும் ஏற்கப்பட்டது.

1915இற் கூட்டாட்சிக் குடிசனப் பணியகம் ‘பிறப்புப் பதிவுப் பிரதேசம்’ ஒன்றை அமைத்தது. அதற்குள் முதலிற் சேர்ந்தவை பத்து மாநிலங்களும் தலைநகரப் பகுதியுமே. நூற்றுக்குத் தொண்ணூறு பிறப்புக்களேனும் பதிவாதல் அதற்குரிய தகுதி. எல்லா மாநிலங்களும் சேர 1933 ஆயிற்று. இறுதியாக வந்தது டெக்சாஸ். தென்மாநிலங்களில் மகப்பேறு பார்த்த கறுப்பின மருத்துவிச்சியருக்குப் பதிவுத் தாளை நிரப்புவதும் பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. கிராமத்துக் குடிசையிற் பிறந்த பிள்ளைகள் ஏட்டில் ஏறியமைக்கு அவர்கள் பெரிதுங் காரணராவர்.

அதற்குமுன் பிறந்தோர் நிலை யாது? 1935இற் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அறுபத்தைந்து வயதுக்கு ஓய்வூதியம் வகுத்தது. வயதைக் காட்ட எழுத்து வேண்டும். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது படைக்கலத் தொழிற்சாலைகள் வேலை கேட்டு வந்தோரிடம் குடியுரிமைச் சான்று கேட்டன. அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பெருந்தொகையானோர் அப்பொழுதுதான் தம்மிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லையென்பதை உணர்ந்தனர். கவுண்டி நீதிமன்றங்களின்முன் வரிசைகள் நீண்டன. வயது முதிர்ந்த தாய்மாரும் அத்தைமாரும் வந்து சத்தியஞ் செய்தனர். பழைய பாடசாலை இடாப்புக்களும் ஞானஸ்நானக் குறிப்புக்களும் தேடியெடுக்கப்பட்டன. இவ்வாறு பெறப்பட்ட ‘தாமதித்த பிறப்புச் சான்றுகள்’ டெக்சாஸ் முதலிய மாநிலங்களின் கவுண்டி அலுவலகங்களில் தனித் தொகுதிகளாக உள்ளன. பிறந்து நாற்பது, ஐம்பது ஆண்டுகளின் பின் ஒருவர் சட்டப்படி பிறந்தவராகும் விந்தையை அவற்றிற் காணலாம்.

தாளின் மதிப்பு உயர உயர அதனைப் பெறும் வழியும் இறுகிற்று. கலிபோர்னியாவில் 2003 ஜூலை முதல், உரியவரும் நெருங்கிய உறவினரும் சட்டத்தில் அனுமதி பெற்ற வேறு சிலருமே சத்தியக் கூற்றுடன் முழு வலுவுள்ள பிரதியைப் பெறலாம். ஏனையோர்க்கு, அடையாளத்தை நிறுவச் செல்லாதது என்னுங் குறிப்புடன் தகவற் பிரதியே கிடைக்கும். 2011 ஏப்பிரல் முதல், பெற்றோரின் முழுப்பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழைக் கடவுச்சீட்டு அலுவலகம் போதிய சான்றாகக் கொள்வதில்லை.

சான்றிதழ் கையிலிருந்தும் அல்லற்பட்டோர் உளர். டெக்சாசின் தென்னெல்லையில், மெக்சிக்கோவிற் பிறந்த குழந்தைகள் சிலரை இப்பாலிற் பிறந்தவராகப் பதிந்த குற்றத்துக்காக மருத்துவிச்சியர் பலர் தண்டிக்கப்பட்டனர். அதன்பின், அவ்வெல்லையில் மருத்துவிச்சியின் கையிற் பிறந்த குடிமக்கள் பலருடைய கடவுச்சீட்டு விண்ணப்பங்கள் ஐயத்தின் பேரில் நிறுத்திவைக்கப்பட்டன. வீட்டுப் பேறு ஏழைகளின் வழக்கமாதலால், இவ்வையம் பெரும்பாலும் ஏழைகள்மேலேயே விழுந்தது. அவர்கள் 2008இல் வழக்குத் தொடுத்து, 2009இல் இணக்கத் தீர்வு பெற்றனர். ஆயினும் வழக்குக்குப் பின்னரும் இத்தகைய மறுப்புக்கள் எழுந்தன. அரசாங்க முத்திரை பொறித்த பிரதியைக் கொண்டுசென்ற அவர்களிடம், தாய் கருவுற்றிருந்தபோது பெற்ற மருத்துவக் குறிப்பையும், பழைய பாடசாலை இடாப்பையும், கோயிலில் எழுதிய ஞானஸ்நானப் பதிவையும் கொண்டுவரும்படி அதிகாரிகள் கேட்டனர்.