குழந்தை இல்லையென்றால் திருமணம் செல்லாதா?

குழந்தை பிறக்கவில்லை என்று மனைவியைத் தள்ளிவைப்பது பல சமூகங்களில் சர்வசாதாரணமாக நடந்தது. கிறிஸ்தவத்தில் இதற்கு இடமில்லை என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புனித அகஸ்தீன் எழுதிவிட்டார். குழந்தையின்மை வேறு, தாம்பத்திய உறவே இயலாத ஆண்மையின்மை வேறு. முதலாவதால் திருமணம் முறியாது. இரண்டாவது, திருமணத்துக்கு முன்பே இருந்து, தீராததாகவும் இருந்தால், கத்தோலிக்கச் சட்டப்படி அங்கே திருமணமே நடக்கவில்லை.

வணிகவியல் மாணவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். செய்யவே முடியாததைச் செய்வதாகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்றுதானே 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவும் சொல்கிறது!

சரி, இதை நிரூபிப்பது எப்படி? பிரான்சில் ஒரு கொடுமையான வழி இருந்தது. மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் பக்கத்தில் காத்திருக்க, கணவனும் மனைவியும் உறவுகொண்டு காட்ட வேண்டும்! லாஞ்சே என்ற பிரபு (இவர் புராட்டஸ்டண்ட்) இந்தச் சோதனையைத் தானே கேட்டு வாங்கித் தோற்றார். 1659இல் அவருடைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது. பிறகு வேறொரு பெண்ணை மணந்து ஏழு குழந்தைகளுக்குத் தந்தையானார். ஊரே சிரித்தது. 1677இல் பாரிஸ் நீதிமன்றம் இந்தச் சோதனையையே ஒழித்தது.

இதைவிடச் சிக்கலானது போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587இல் ஸ்பெயினிலிருந்த தன் தூதருக்கு எழுதிய கடிதம். இரண்டு விதைகளும் இல்லாத ஆண்கள் மணக்கக்கூடாது, மணந்திருந்தால் பிரிக்க வேண்டும் என்றார். இதே போப்தான் 1589இல் புனித பேதுரு பேராலயப் பாடகர் குழுவில் விதை நீக்கப்பட்ட பாடகர்களுக்கு இடம் கொடுத்தவர். பாட்டுக்கு வேண்டும், கல்யாணத்துக்கு வேண்டாம் போலும்!

அவர்களில் பலரால் உறவுகொள்ள முடியும். ஆனால் விதையில் உண்டாகும் விந்து வந்தால்தான் அது தாம்பத்தியம் என்று பிற்கால அறிஞர்கள் பலர் இந்தக் கடிதத்தை வைத்து வாதிட்டார்கள். அப்படியானால் ஆண்மையின்மைக்கும் குழந்தையின்மைக்கும் நடுவில் போட்ட கோடு என்ன ஆவது? கருத்தடை அறுவை செய்துகொண்ட ஆண்கள் விஷயத்தில் 20ஆம் நூற்றாண்டிலும் இந்தச் சண்டை ஓயவில்லை. அப்படிப்பட்ட விந்து அவசியமில்லை என்று ரோம் தெளிவாகச் சொன்னது 1977 மே 13இல்தான். 390 வருடங்கள்!

1983ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத்தின் 1084ஆம் பிரிவு இதையெல்லாம் சுருக்கிவிட்டது. இயலாமை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் திருமணத்தைத் தடுக்கக்கூடாது. குழந்தையின்மை தடையே இல்லை. ஆனால் சம்மதம் வாங்குவதற்காக அதைத் திட்டமிட்டு மறைத்து ஏமாற்றியிருந்தால், 1098ஆம் பிரிவின்படி அந்தத் திருமணம் செல்லாது.